தாத்தா ஓட்டிய ஜீப்

சென்ற மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த என் தம்பி, என் மூத்த பையனுக்கு ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். மேலே ராணுவ ஜீப் படம். ஆசையோடு திறந்து பார்த்தால் உள்ளே ஜீப்பைக் காணோம்! சீப்பு மாதிரி நாலைந்து பிளாஸ்டிக் சட்டங்கள். அவற்றில் நெல்லளவு, உளுந்தளவு, பொத்தான் அளவு என்று விதவிதமான துண்டுகள் காய்த்துத் தொங்கின. கூட ஒரு படத்தாள். அவ்வளவுதான்.

"இதையெல்லாம் வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிச்சு நாமே செய்யணும்மா" என்றான் பையன். வயது 13. பென்சில் சீவச் சொன்னாலே பாதியில் போட்டுவிட்டு ஓடுகிறவன்!

எனக்குள் மூன்று கவலைகள். ஒன்று, வீட்டில் எதற்கு யுத்த பொம்மை? இரண்டு, அந்தப் பசையின் நெடி. மூன்றாவது, எதைப் பார்த்தாலும் வாயில் போட்டுக்கொள்ளும் என் இரண்டு வயதுச் சின்னவள். "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றப் போனேன்.

அப்போதுதான் கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, பெட்டியை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இது நம்ம வண்டி இல்லையே, கண்ணு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா தானாகப் பேசி இரண்டு நாள் ஆகியிருந்தது.

எங்கள் ஊர் வேலூர் பக்கம். வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் உண்டு என்று சொல்கிற சீமை. அப்பா 1963-ல் பட்டாளத்தில் சேர்ந்து டிரைவராக இருந்தவர். அம்மா காலமான பிறகு எங்களோடு வந்துவிட்டார். இப்போது வயது 82. காபி குடித்தோமா என்று மூன்று தடவை கேட்பார். என் வீட்டுக்காரரின் பெயர் சில நாள் வராது. "வயசானவங்களுக்கு இந்த மாதிரி மறதி வந்தா, முதல்ல போறது கிட்டத்து ஞாபகம். பழசு ரொம்ப நாள் நிக்கும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பழசுக்குள் ஒரு ஜீப் இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

பெட்டி பரணுக்குப் போகவில்லை.

பேட்டரி வைத்த அளவு

பெட்டியின் மேல் '1/35' என்று போட்டிருந்தது. நிஜ வண்டியின் 35 அங்குலம் பொம்மையில் ஓர் அங்குலம் என்று பொருள். நிஜ ஜீப் ஏறக்குறைய 3.3 மீட்டர் நீளம். அதனால் பொம்மை ஜீப் ஒன்பதரை சென்டிமீட்டர்தான். உள்ளங்கையில் அடங்கிவிடும்.

அது ஏன் 35? வேடிக்கையான கதை. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானில் டாமியா கம்பெனியார் ஒரு டாங்கி பொம்மை செய்தார்கள். அது ஓடுவதற்கு மோட்டாரும் பேட்டரியும் உள்ளே வைக்கவேண்டும். அவை கொள்கிற அளவுக்கு டாங்கியின் உடம்பை அமைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு வந்தது! அதையே மற்ற வண்டிகளுக்கும் வைத்துக்கொண்டார்கள். இன்று உலகமெங்கும் ராணுவ வண்டி பொம்மைகளுக்கு இதுவே வழக்கமான அளவு ஆகிவிட்டது. பாத்திரத்துக்குத் தக்கபடி உலை வைப்பது நமக்குத் தெரியாததா?

ஒட்டுவது அல்ல, உருக்குவது

முதலில் சட்டங்களைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினோம். அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரத் தடவும் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டிருக்கும்; அது போனால்தான் பெயின்ட் பிடிக்கும். துண்டுகளைக் கையால் முறுக்கிப் பிய்க்கக்கூடாது. பிய்த்தால் ஓரம் கிழிந்துவிடும். சின்ன நிப்பரால் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கவேண்டும். நனைத்துத் தேய்த்தால் தூள் பறந்து மூக்கில் ஏறாது.

பசை விஷயம் எனக்குப் புதுமையாக இருந்தது. இந்தப் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன் வகை. அதற்கென்று விற்கிற திரவம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைக்கிறது. இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடுக்கில் தூரிகையால் ஒரு சொட்டு தொட்டால் போதும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி தானே உள்ளே ஓடும். திரவம் ஆவியானதும் இரண்டும் ஒன்றாகிவிடும். கிட்டத்தட்ட வெல்டிங்! ஃபெவிகாலால் இந்த வேலை ஆகாது. 'சூப்பர் க்ளூ' ஒட்டும். ஆனால் கண்ணாடித் துண்டில் வெள்ளையாகப் புகை படிந்துவிடும். முன்கண்ணாடியில் அதைத் தடவிக் கெடுத்துக்கொண்டது சாட்சாத் நான்தான்.

என் குலை நடுங்கிய பத்து நிமிடம்

மூன்றாம் நாள் ஸ்டியரிங் சக்கரத்தைக் காணோம். சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். திரும்பிப் பார்த்தால் சின்னவள் எதையோ மென்றுகொண்டிருக்கிறாள்! ஓடிப்போய் வாயைத் திறக்கச் சொன்னால் சிரிக்கிறாளே தவிரத் திறக்கவில்லை. கடைசியில் அது முறுக்குத் துண்டு. ஸ்டியரிங் என் புடவைத் தலைப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாளிலிருந்து வீட்டில் சட்டம் போட்டேன். வேலையெல்லாம் மேஜைமேல், விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளத்துக்குள். துண்டு தெறித்தாலும் அதற்குள்ளேயே விழும். எழுந்திருக்கும்போது எண்ணிப் பார்த்து டப்பாவில் போட்டு மூடவேண்டும். ஒண்ணேகால் அங்குல அகலமுள்ள குழலுக்குள் முழுசாக நுழையும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆபத்து என்பதுதான் பொம்மைகளுக்கு வைத்திருக்கிற கணக்கு. இந்த ஜீப்பில் அதற்குள் நுழையாத துண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இளம் தாய்மார்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எதையாவது விழுங்கிய குழந்தை பலமாக இருமினால், அழுதால், மூச்சுப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இருமவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாததைத் தேடி வாய்க்குள் விரல் விட்டுத் துழாவாதீர்கள். அது இன்னும் உள்ளே போய்விடும். குரல் எழும்பாமல் மூச்சுத் திணறினால், குழந்தையைக் குப்புறச் சாய்த்துத் தலை தாழ இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை ஓங்கித் தட்டவேண்டும். அதே சமயம் இன்னொருவர் 108-ஐ அழைக்கவேண்டும்.

"ஒன்பது இல்லை, ஏழு!"

அப்பா "நம்ம வண்டி இல்லையே" என்று ஏன் சொன்னார்? பையன் விடாமல் கேட்டான்.

"மூஞ்சியைப் பாரு, கண்ணு. இதுல ஒன்பது கோடு இருக்கு. நம்மளதுல ஏழுதான். பானெட்டும் இன்னும் தூக்கலா இருக்கும்."

எனக்கு நம்பிக்கையில்லை. காலையில் இட்லி சாப்பிட்டது நினைவில்லாதவருக்கு ஜீப்பின் மூஞ்சியில் எத்தனை கோடு என்று எப்படித் தெரியும்? பையன் பழைய படங்களைத் தேடிப் பார்த்தான். தாத்தா சொன்னது அட்சரம் பிசகவில்லை!

பெட்டியில் இருந்தது இரண்டாம் உலக யுத்தத்தின் வில்லிஸ் ஜீப். 1941-லிருந்து யுத்தம் முடியும்வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளுமாக 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். அதற்கு முன்பக்கத் தகட்டில் ஒன்பது திறப்புகள். யுத்தம் முடிந்தபின் வந்த மாடல்களில் அது ஏழாயிற்று. 1953-ல் 'சிஜே-3பி' என்ற மாடல் வந்தது. அதன் புது எஞ்சின் முந்தியதைவிட உயரம். அதை மூட பானெட்டையும் உயர்த்தவேண்டி வந்தது. நம் நாட்டில் 1947-லிருந்து ஜீப் பூட்டி வந்த மகிந்திரா கம்பெனி வெகுகாலம் செய்தது இந்த உயர்ந்த பானெட் ஜீப்பைத்தான். அப்பா ஓட்டியதும் அதுவே.

"அப்போ நாம இதை மாத்திடலாம்" என்றான் பையன்.

இங்கேதான் வேலையே ஆரம்பம். படத்தாளில் உள்ளபடி ஒட்டுவது ஒரு பங்கு என்றால், நமக்கு வேண்டியபடி மாற்றுவது மூன்று பங்கு. நல்ல வேளை, இரண்டு ஜீப்புக்கும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் ஒன்றுதான், 80 அங்குலம். ஆகவே அடிச்சட்டத்தைத் தொடவேண்டாம். பானெட்டை மட்டும் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தூக்கினால் போதும் என்று படத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டோம்.

முதலில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்தோம். ஜாக்கெட் துணியில் கத்தரி வைக்குமுன் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பதில்லையா, அப்படி. சரியாக வந்தபின் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் அதே அளவு பட்டைகளை வெட்டி, பானெட்டின் இரு பக்கமும் அடியில் ஒட்டினோம். இணைப்பில் விழுந்த கோட்டை மறைக்க ஒரு யுக்தி உண்டு. மீந்துபோன சட்டத்தைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் பசைத் திரவத்தில் ஒரு நாள் ஊறவைத்தால் தோசை மாவு பதத்தில் ஒரு குழம்பு கிடைக்கும். அதைத் தடவி, காய்ந்தபின் தேய்த்தால் கோடு இருந்த இடம் தெரியாது.

ஏழு கோட்டுத் தகடுதான் உயிரை வாங்கிவிட்டது. தீப்பெட்டி அகலம்கூட இல்லாத துண்டில் ஏழு திறப்புகள்! ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை போட்டு, நடுவில் பிளேடால் கீறி, என் நகம் தேய்க்கும் அரத்தால் சீர்படுத்தினான். முதல் தகடு ஐந்தாவது கோட்டில் உடைந்தது. இரண்டாவது கடைசிக் கோட்டில். பையன் அழாத குறை. "இன்னிக்குப் போதும். கை அலுத்தா கண்ணும் அலுக்கும்" என்றார் அப்பா. மறுநாள் காலை மூன்றாவது தகடு தேறியது. முகப்பு விளக்குக்கு என் பழைய ஜாக்கெட்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் சமிக்கி இரண்டு பிரித்துக் கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, பளிச்சென்று இருந்தது.

அடுத்ததாகப் பையன் தானே ஒரு தவறைக் கண்டுபிடித்தான். "அம்மா, ஸ்டியரிங் இடதுபக்கம் இருக்கு! இந்தியாவிலே வலதுபக்கம்தானே?" என்று அதைப் பெயர்க்கப் போனான். அப்பா தடுத்துவிட்டார். "நம்மளது லெஃப்ட் ஹாண்ட் டிரைவ்தான். பின்னாடி எழுதியே இருக்கும்." எனக்கும் ஞாபகம் வந்தது. நம் ஊர் ரோடுகளில் பின்பக்கம் 'லெஃப்ட் ஹாண்ட் டிரைவ்' என்று எழுதிய ஜீப்புகளை எத்தனை பார்த்திருக்கிறோம்!

பீரங்கி வேண்டாம்

1965 யுத்தத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த செப்டம்பரில் பஞ்சாபில் கேம்கரண் அருகே அசல் உத்தர் என்ற இடத்தில் பெரிய டாங்கிச் சண்டை நடந்தது. கிரெனேடியர்ஸ் படையின் 4-வது பட்டாலியனைச் சேர்ந்த ஹவில்தார் அப்துல் ஹமீது, ஜீப்பின் மேல் பொருத்திய 106 மில்லிமீட்டர் பீரங்கியால் எதிரியின் பாட்டன் டாங்கிகளை வரிசையாக அடித்து நொறுக்கி, அங்கேயே உயிர்விட்டார். அவருக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். ஒரு டாங்கி நாற்பது டன்னுக்கு மேல் எடை. ஜீப்போ தகரத்தால் ஆனது. நினைத்துப் பாருங்கள்!

பையனுக்குக் கண் ஜொலித்தது. "தாத்தா, நம்ம ஜீப்புக்கும் பீரங்கி வெச்சுடலாமா?"

அப்பா தலையை ஆட்டினார். "அது அவங்க வண்டி. நான் ஓட்டினது சோத்து வண்டி. சோறு, தண்ணி, தபால். போகும்போது அதெல்லாம். வரும்போது..." என்று நிறுத்திக்கொண்டார்.

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மேஜைமேல் இருந்த ஜீப்பைக் காட்டி, "பின் ஸீட்டை எடுத்துடு, கண்ணு. ஸீட் இருந்தா ஸ்ட்ரெச்சர் வைக்க முடியாது" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். ஒட்டியிருந்த பின் ஸீட்டைப் பிளேடால் மெதுவாக நெம்பி எடுத்துவிட்டான்.

யுத்த பொம்மை எதற்கு என்று முதல்நாள் முணுமுணுத்தவள் நான். அதற்குப் பிறகு முணுமுணுக்கவில்லை.

என் பங்கு

பெயின்ட் விஷயத்தில் நானும் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வகையே வீட்டுக்கு உகந்தது. ஆலிவ் பச்சையில் ஒரு துளி வெள்ளை கலந்துகொள்ளவேண்டும். சின்ன உருவத்தில் நிஜ நிறத்தை அப்படியே அடித்தால் கறுத்துத் தெரியும்.

பச்சை காய்ந்தபின், கறுப்பும் பழுப்பும் கலந்து நீர்க்கக் கரைத்துத் தடவினோம். அது இடுக்குகளில் போய்த் தங்குகிறது. கண்ணுக்கு மை தீட்டியதும் முகம் எடுப்பாகிற மாதிரி ஒவ்வொரு மூலையும் தெரிய ஆரம்பித்தது. பிறகு தூரிகையில் உள்ள பெயின்டைத் துணியில் துடைத்துவிட்டு, ஒட்டியிருக்கிற கொஞ்சநஞ்சத்தை விளிம்புகளில் மட்டும் தேய்த்தோம். கைபட்டுத் தேய்ந்த தகரம் மாதிரி ஆயிற்று.

தார்ப்பாய் என் வேலை. மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்த கரைசலில் தோய்த்து, மடித்துப் பின்பக்கம் போர்த்தி, ஊசிமுனையால் சுருக்கம் வைத்தேன். இரவு காய்ந்ததும் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டது. பெயின்ட் அடித்தால் அசல் கான்வாஸ்! கட்டுவதற்குக் கறுப்பு நூல். டிரைவர் ஸீட்டில் மடித்த சாக்குத் துண்டு ஒன்று. அப்பா கொஞ்சம் குள்ளம்; சாக்குப் போட்டு உட்கார்ந்தால்தான் ரோடு தெரியுமாம். இதெல்லாம் எந்தப் படத்தாளில் இருக்கும்?

சக்கரத்துக்குப் புழுதி போதும் என்று சாக்பீஸ் தூள் எடுத்தோம். "செப்டம்பர்ல அங்க மழை. சேறு" என்றார். துணியில் சலித்த மண்ணைப் பழுப்பு பெயின்டிலும் ஃபெவிகாலிலும் குழைத்துச் சக்கரத்தில் அப்பினான் பையன். "இன்னும், இன்னும்" என்று சிரித்தார் அப்பா.

செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு

பசைத் திரவத்தின் ஆவி தலைவலி, கிறுகிறுப்பு உண்டாக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்யவேண்டும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

அது சீக்கிரம் தீப்பற்றும். அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுபத்தி அருகில் வைக்கக்கூடாது.

சூப்பர் க்ளூ விரலில் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மெல்ல உருட்டிப் பிரியுங்கள். அதைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்கவே கூடாது. பஞ்சில் பட்டால் சூடேறித் தோலைப் பொசுக்கிவிடும்.

பிளேடை விரலுக்கு எதிர்ப்புறமாகவே செலுத்தவேண்டும். மழுங்கிய பிளேடுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும், அடிக்கடி மாற்றுங்கள். பழைய பிளேடுகளைத் தகர டப்பாவில் போட்டு மூடி எறியுங்கள்.

தகடு வாங்க முடியாவிட்டால் வீட்டில் உள்ள பிளாஸ்டிக் டப்பாக்களின் அடிப்பாகத்தைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 6 என்றிருந்தால் பாலிஸ்டைரீன். இந்தப் பசை பிடிக்கும். 5 என்றிருந்தால் பிடிக்காது.

எண் பலகை

ஐந்து வாரத்தில் ஜீப் முடிந்தது. ஒன்று மட்டும் பாக்கி. எண் பலகை.

கோலம் போடுகிற கை என்பதால் எழுதும் பொறுப்பு எனக்கு. மூன்று முடி உள்ள தூரிகையில் வெள்ளை தொட்டுக்கொண்டு, "அப்பா, நம்பர் சொல்லுங்க" என்றேன்.

அப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மேலே பார்த்தார். விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். கோடுகளை எண்ணி வைத்திருந்தவருக்கு, தினம் துடைத்த பலகையில் இருந்த எண் வரவில்லை. அவர் முகம் சிறுத்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"1965-னு எழுதிடலாம் தாத்தா" என்றான் பையன்.

"வேணாம். தப்பா எழுதறதுக்கு எழுதாமலே விடு."

விட்டுவிட்டோம். இந்த ஜீப் அப்பாவின் மறதிக்கு மருந்து என்று நான் சொல்லமாட்டேன். இப்போதும் காபி குடித்தோமா என்று மூன்று தடவை கேட்கிறார். ஆனால் காலையில் எழுந்ததும் அலமாரிக்குப் போய் ஜீப்பை எடுத்துப் பார்க்கிறார். பையன் பள்ளிக்கூடம் புறப்படும்போது, "தாத்தா, நம்பர் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறான்.

சில நாள் எண் வருகிறது. வந்தால் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைக்கிறேன். இதுவரை நாலு எண்கள் சொல்லியிருக்கிறார். ஒன்று போல் ஒன்று இல்லை.

பலகை காலியாகத்தான் இருக்கிறது. தூரிகையைக் கழுவிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.